பத்தொன்பது பேர்

அந்தக் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். படித்தவர் ஒருவர்தான். பட்டம் வாங்கியவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலிடத்திலிருந்து வரும் தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்தவர். அவர் தலைமை எழுத்தர். முப்பத்தோரு வருட வேலையில் அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், முதுகுக்குப் பின்னால் 'சட்டப்புத்தகம்' என்றும், நேரில் 'அண்ணே' 'சார்' என்றும் ஆகிவிட்டிருந்தது.

மற்ற முப்பத்தேழு பேருக்கும் படிக்கத் தெரியாமல் இல்லை; அவசியம் வரவில்லை, அவ்வளவுதான். எந்தப் படிவம் வந்தாலும் அவர் தன்னுடையதை நிரப்பி மேசை ஓரத்து மரத்தட்டில் போடுவார். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதி, அதே தட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நாலு வருடத்துக்கு முன் குடும்ப விவரப் படிவம் ஒன்று வந்தது. அவருடைய மனைவி போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி பெயருக்கு எதிரே 'காலமானார்' என்று எழுதித் தட்டில் போட்டார். பதினொரு பேர் அதையும் பார்த்து எழுதிவிட்டார்கள்! குத்துக்கல் மாதிரி இருந்த பதினொரு பெண்களை அரசாங்கம் ஒரே நாளில் சாகடித்தது. தெருக் குழாய்களைத் திறந்து மூடும் வால்வுக்காரரின் மனைவி மட்டும் சும்மா விடவில்லை. அலுவலக வாசலுக்கே வந்து நின்று, "நான் செத்துட்டேன்னு எழுதின கைய இங்க காட்டு, பாக்கலாம்" என்றாள். அலுவலகம் ஒரு வாரம் சிரித்தது. சட்டப்புத்தகமும் சிரித்தார், மனைவி போன பிறகு முதல் தடவையாக.

ஓய்வூதியத்தைச் சீர்திருத்தப் போகிறார்கள் என்ற பேச்சு ரொம்ப நாளாகவே இருந்தது. புலி வருது, புலி வருது என்று சொல்லிச் சொல்லி ஒருநாள் வந்தே விட்டது, இரண்டு கட்டங்கள் போட்ட ஒரு பச்சைத் தாளாக. முதல் கட்டத்தில் டிக் போட்டால் பழைய திட்டம். கடைசிச் சம்பளத்தில் பாதி, உயிர் உள்ளவரை. விலைவாசி ஏறினால் அதுவும் ஏறும். ஆள் போன பிறகு துணைக்கு அதில் பாதி. இரண்டாவது கட்டம் புதுத் திட்டம். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு தொகையை ஒதுக்கிச் சந்தையில் போடுவார்கள். ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். ஓய்வு பெற்றபின் அதிலிருந்து மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம், தீர்ந்தால் தீர்ந்தது. நடுவில் ஆள் போய்விட்டால் மிச்சம் முழுவதும் அவர் யார் பெயரை எழுதிவைத்தாரோ அவருக்கு. ஒரு மாதம் அவகாசம். கடைசித் தேதிக்குப் பிறகு மாற்ற முடியாது.

"கஜானா தாங்காதும்மா. வேலை பாக்குறவங்களுக்குக் குடுக்கறத விட வீட்டுக்குப் போனவங்களுக்குக் குடுக்கறது ஜாஸ்தியாயிடுச்சு. எங்கயாவது நிறுத்தித்தானே ஆகணும்?" என்றார் பொறியாளர்.

"நிறுத்துங்க சார், வேணாம்னு யாரு சொன்னா? ஆனா நிறுத்தறது மட்டும் எப்பவும் எங்க தட்டுலேர்ந்தே ஆரம்பிக்குது பாருங்க" என்றாள் டைப்பிஸ்ட் அம்மா.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டை லேசில் முடியாது. கடைசியில் எல்லோரும் வழக்கம்போல மூலை மேசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சட்டப்புத்தகம் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய இடுப்பு வாரில் ஆணியால் குத்திய மூன்றாவது ஓட்டை இருந்தது. மூன்று மாதத்தில் மூன்று ஓட்டை. மகளிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போய் வந்தது இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு. கணையத்தில் கட்டி. அறுத்து எடுக்கிற காலம் தாண்டிவிட்டது. "ஒரு வருஷம்னு வச்சுக்குங்க" என்று டாக்டர் சொன்னபோது, அவர் குரலிலேயே ஒரு வருடம் இல்லை என்பது தெரிந்தது.

சாவைப் பற்றி அவர் அவ்வளவாகப் பயப்படவில்லை. பயமெல்லாம் வீட்டைப் பற்றித்தான். இருப்பது அலுவலகக் குடியிருப்பில். ஆள் போன மூன்றாம் மாதம் காலி செய்ய வேண்டும். கட்டிக்கொடுத்த மகள், புருஷன் விட்டுப் போனபின் ஏழு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்திருந்தாள். அவளுக்கு முப்பத்து நாலு வயது. பழைய திட்டத்தில் துணைக்கு அடுத்தபடி பிள்ளைகளுக்கும் உண்டு, ஆனால் இருபத்தைந்து வயது வரைதான். அவர் கண்ணை மூடினால் அவளுக்கு ஒரு செல்லாக்காசுகூட வராது. இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டால் மொத்தமும் அவளுக்கு. சின்னதாக ஒரு கூரைக்காவது ஆகும்.

அப்படியானால் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஒன்பதாம் விதி என்று ஒன்று இருந்தது. சாகக் கிடக்கிறவர்களாகப் பார்த்து மொத்தத் தொகைக்காக ஓடிவந்துவிடக் கூடாதே என்று எந்தப் புத்திசாலியோ எழுதி வைத்தது. ஓர் அலுவலகத்தில் பாதிப் பேருக்குக் குறையாமல் புதுத் திட்டத்துக்கு வந்தால், 'எனக்குக் கடும் நோய் எதுவும் இல்லை' என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும். பாதிக்குக் குறைந்தால், வந்தவர்களையெல்லாம் மருத்துவக் குழு கூப்பிட்டுப் பார்க்கும். உறுதிமொழி பொய் என்று தெரிந்தால் புதியதும் இல்லை, பழையதும் இல்லை. முப்பத்தெட்டில் பாதி பத்தொன்பது.

பத்து நாள் அந்தத் தாள் அவருடைய இழுப்பறையிலேயே கிடந்தது. பதினோராம் நாள் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார். உறுதிமொழியில் 'இல்லை' என்று எழுதினார். எதை எழுதினாலும் ஒரு நகல் எடுத்து வீட்டுக் கோப்பில் வைப்பது அவர் பழக்கம், அதையும் செய்தார். பிறகு படிவத்தை மரத்தட்டில் போட்டார். கவிழ்த்துப் போட்டிருக்கலாம். உறைக்குள் வைத்திருக்கலாம். நிமிர்த்தித்தான் போட்டார். நடக்கப்போவது தெரியாமல் செய்தார் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பதினொரு பெண்களைச் சாகடித்த தட்டு அது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு 'பல் டாக்டரிடம்' போனார். திரும்பி வந்தபோது தட்டில் இருபத்தாறு படிவங்கள் இருந்தன. அந்த வாரம் முடிவதற்குள் முப்பத்தேழு. எல்லாவற்றிலும் இரண்டாவது கட்டம். ஒரே ஒரு கையே எல்லாவற்றையும் எழுதியதுபோல் இருந்தது. அவர் தட்டைத் தொடவில்லை. வயிற்றுக்குள் வலி சுருண்டு எழுந்தது. பக்கத்துக் கட்டடத்தில் பம்பு மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அதிர்வு மேசை வழியாக முழங்கையில் ஏறியது. முப்பத்தோரு வருடமாக அது ஓடுகிறது. அன்றுதான் அது அவருக்குத் தொந்தரவாக இருந்தது.

கடைசி நாள் காலையில் வால்வுக்காரர் வந்தார். சேறு காயாத காலோடு மேசைக்கு முன்னால் நின்றே பேனாவை வாங்கினார்.

"எல்லாரும் போட்டாச்சு போலிருக்கு. நான்தான் பாக்கி. எங்கண்ணே போடணும்? ரெண்டாவதுலதான?"

"படிச்சுப் பாத்துட்டுப் போடுய்யா."

"நீங்க படிச்சா நான் படிச்ச மாதிரி" என்று வால்வுக்காரர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே. என் சம்சாரம் என்ன விடப் பதினாலு வயசு சின்னவ. நான் போனாலும் அவ முப்பது வருஷம் இருப்பா. நானில்லாதப்ப அவளுக்கு மாசாமாசம் வந்துரும்ல? அதச் சொல்லித்தான் அவகிட்டப் பெருமையா பேசிட்டு வந்திருக்கேன்."

சட்டப்புத்தகம் அவர் முகத்தைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. அலுவலக வாசலில் இடுப்பில் கைவைத்து நின்ற அந்தப் பெண்தான் கண்ணுக்கு முன்னால் வந்தாள். எதை எதையோ எண்ணி மனதைக் கல்லாக்கிக்கொள்ளப் பார்த்தார். மகளை நினைத்தார். ஏழு வயதுப் பேத்தி ஒரு கையில் பையும் ஒரு கையில் தண்ணீர் பாட்டிலுமாகத் தெருவில் நிற்பதை நினைத்தார். அப்படியும் கல்லாகவில்லை.

"வராது" என்றார். "ரெண்டாவதுல போட்டா வராது. போடாத."

அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

அவர் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "எல்லாரும் உங்க படிவத்தத் திருப்பி எடுத்துக்குங்க. வேற தாள் தர்றேன். மொதல் கட்டத்துலயே போடுங்க. அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு."

யாரும் அசையவில்லை. டைப்பிஸ்ட் அம்மாதான் கேட்டாள்.

"நீங்க மாத்துறீங்களா சார்?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு நல்லது, எங்களுக்கு மட்டும் கெட்டதா? இது என்ன சார் கணக்கு?"

"ஊருக்குத்தான் உபதேசம்" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். இன்னொருவர், கடைசி நாளில் எல்லோரையும் கலைத்துவிட்டால் அவருக்கு ஏதாவது கூடுதலாகக் கிடைக்குமோ என்னவோ என்றார். முப்பத்தோரு வருடம் அவருடைய பேனாவை வேதவாக்காக நம்பியவர்கள், அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. காரணம் சொல்லாமல் தப்பிக்க முடியாது என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. சட்டையை லேசாகத் தூக்கி இடுப்பு வாரைக் காட்டினார். பைக்குள் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எனக்கு ஒரு வருஷம் இல்ல. பொண்ணுக்கு ஏதாவது மிஞ்சணும். அதனால நான் போட்டேன். நீங்கள்லாம் நல்லா இருக்கப் போறவங்க. நான் போட்டதப் பாத்துப் போடாதீங்க."

டைப்பிஸ்ட் அம்மா சீட்டை எடுத்துப் படித்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு, அந்த அலுவலகத்தில் யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். பச்சைத் தாளைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்து விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்பதாவதில் அவளுடைய விரல் நின்றது.

"சார்... நாங்க எல்லாரும் மாத்திட்டா நீங்க ஒருத்தர்தான் நிப்பீங்க. உங்களக் கூப்புட்டுப் பரிசோதிப்பாங்களே! பத்தொம்பது பேராவது இருக்கணும்னு போட்டிருக்கே?"

"தெரியும்மா."

பத்தொன்பது என்ற எண் அறைக்குள் எல்லோருக்கும் கேட்டது. அவரையும் சேர்த்துத்தான் பத்தொன்பது. இன்னும் பதினெட்டுப் பேர் வேண்டும். அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஆனாலும் மனசு ஒவ்வொரு முகமாகப் போய்வந்தது. கல்யாணம் ஆகாதவர் இருவர், வசதியான வீட்டில் பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர் நாலைந்து பேர். முகங்கள் எல்லாம் தரையைப் பார்த்தன.

வால்வுக்காரர்தான் முதலில் நகர்ந்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்தார். முதல் கட்டத்தில் டிக் போட்டு, தட்டில் வைத்து, "மன்னிச்சிருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு முகத்தைக் காட்டாமல் வெளியே போனார். அடுத்தவர் அதைப் பார்த்து எழுதினார். அதற்கடுத்தவர் அதைப் பார்த்து எழுதினார். நாலரை மணிக்குத் தட்டில் முப்பத்தேழு தாள்கள் முதல் கட்டத்தோடு இருந்தன, அடியில் ஒன்று மட்டும் தனியாக. அவர் சொன்னதைத்தான் அவர்கள் செய்தார்கள். அதற்காகத்தான் சீட்டைக் காட்டினார். ஆனாலும் வலித்தது, கட்டி வலிப்பதைவிட அதிகமாக. தாள்களை நூலால் கட்டி, அவரே கொண்டுபோய் மேலலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகு அவர் மேசைக்கு யாரும் அதிகம் வரவில்லை. டீ மட்டும் தவறாமல் வந்தது, அதுவும் சர்க்கரை கூடுதலாக. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், பாடைக்கு வழிவிடுவதுபோல.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் கூடத்தில் அவருடைய கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முத்திரை போட்ட நீள உறை. பேத்தி தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"திங்கக்கெழம பத்து மணிக்கு மருத்துவக் குழு முன்னாடி வரச் சொல்லியிருக்காங்கப்பா. உங்கள மட்டும் எதுக்குப்பா கூப்புடுறாங்க? பல்லுக்கா?"

அவர் செருப்பைக் கழற்றினார். குனிந்தவருக்கு நிமிர நேரமாயிற்று.

"கூட ஒரு படிவம் வச்சிருக்காங்க, நிரப்பி எடுத்துட்டு வரணுமாம். நீங்க களைச்சுப்போய் வருவீங்கன்னு நானே ஆரம்பிச்சிட்டேன். பேரு, வயசு, வேலை எல்லாம் எழுதியாச்சு." பெருமையாகக் கோப்பிலிருந்த நகலை எடுத்துத் தன் மடியில் விரித்து வைத்தாள். "கடும் நோய் ஏதாவது இருக்கான்னு கேட்டிருக்கு. போன மாசம் நீங்க 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. அதப் பாத்து அப்படியே எழுதிடறேன்."

பேனா தாளைத் தொட்டது. அவர் இரண்டே எட்டில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டாம், அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அதப் பாத்து எழுதாதம்மா" என்றார். மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நான் சொல்றேன். நீ எழுது."