காரை எலும்பு

மூன்று வருடத்துக்கு முந்தைய எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் செருகிப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கியதைத் தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டுகிறவள் அவள். எதிரே வருகிறவன் முகத்தைப் பார்த்தே அவன் வண்டியை எந்தப் பக்கம் ஒடிப்பான் என்று சொல்லிவிடுவாள். டாக்டரின் முகம் நல்ல பக்கம் ஒடிக்கிற முகமாகத் தெரியவில்லை.

“படம் சுத்தமா இருக்கும்மா. அதான் பிரச்சினை,” என்றார் அவர்.

“சுத்தமா இருந்தா நல்லதுதானே டாக்டர்?”

“அன்னிக்கு ஒண்ணுமே இல்ல. இன்னிக்கு எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கு. மூணு வருஷத்துல இவ்ளோ வளர்ந்திருந்தா, அது வேற மாதிரி யோசிக்க வேண்டிய கட்டி.”

கழுத்தில் நெறி கட்டுமே, அதுபோல அவளுக்கு நெஞ்சுக்குள், மூச்சுக்குழாய் ஓரமாக, ஒரே ஒரு நெறி வீங்கிக் கிடந்தது. கேசில்மேன் நோயாக இருக்கலாம், லட்சம் பேரைப் பார்த்தாலும் ஒருவருக்கு இருந்தால் அதிகம் என்று டாக்டர் போன வாரமே சொல்லியிருந்தார். ஊசி விட்டு எடுத்த துணுக்கில் ஒன்றும் பிடிபடவில்லை. மெதுவாக வளர்ந்த கட்டி என்றால் விலாவில் மூன்று சின்ன ஓட்டை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, முழுதாக எடுத்துவிடலாம். அதோடு தொல்லை விட்டது. வேகமாக வளர்ந்தது என்றால் புற்று என்று சந்தேகப்பட வேண்டும். நெஞ்சைத் திறந்து பெரிய துண்டாக எடுத்துப் பார்த்து, பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும். ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். இதே ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறவள். பஸ் வேலைக்கான மெடிக்கலுக்குத் தங்கையை நிற்க வைத்து அந்தப் படத்தை எடுத்தவளும் அவள்தான். டாக்டர்களுக்கே பாடம் நடத்துகிற வாய் அவளுக்கு. இன்று அந்த வாயைத் திறக்காமல், கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

தங்கை எழுந்துபோய்ப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். விலா எலும்புகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு மேலே, கழுத்தடியிலிருந்து தோள்வரை ஓடும் இரண்டு காரை எலும்புகள். இரண்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தன.

அவள் கை தானாகத் தன் காரை எலும்புக்குப் போயிற்று. அங்கே ஒரு மேடு உண்டு. ஏழு வயதில் பூங்கா ஊஞ்சலிலிருந்து விழுந்து உடைந்து, கோணலாகக் கூடிய எலும்பு. “இன்னும் தள்ளவா? இன்னும் தள்ளவா?” என்று கேட்டுக் கேட்டுத் தள்ளியவள் வேறு யார், சாட்சாத் இந்த அக்காதான். பஸ்ஸில் சீட் பெல்ட் தினமும் அந்த மேட்டில்தான் உரசும். உடைத்தவள் மறந்துவிடலாம், உடைந்தவள் எப்படி மறப்பாள்?

“டாக்டர், இது என் நெஞ்சு இல்ல.”

அவர் சிரித்தார். அவள் சட்டைக் காலரை விலக்கிக் காட்டியதும் சிரிப்பு நின்றது. புது ஸ்கேனைத் திறந்து பார்த்தார். மேடு இருந்தது. பழைய படத்தைப் பார்த்தார். மேடு இல்லை. மூலையில் பேர் மட்டும் அவளுடைய பேர்.

“எக்ஸ்ரே ரூம்ல மாத்தி வெச்சுட்டீங்களா?” என்று அக்காவைக் கேட்டார். அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

“டாக்டர், அஞ்சு நிமிஷம்,” என்று சொல்லிவிட்டு, தங்கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“யாரோட நெஞ்சுடி அது?”

‘டி’ போட்டு அக்காவை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“என்னோடது,” என்றாள் அக்கா. எக்ஸ்ரே அறை ஆட்களுக்கு வருடா வருடம் படம் எடுப்பார்கள். அந்த வருடம் எடுத்த தன் படத்தில் தங்கை பேரைப் போட்டு மெடிக்கலுக்கு அனுப்பிவிட்டாள். “உன் படத்துல ஒரு நிழல் தெரிஞ்சுது. பழைய சளியா இருக்கும்னு நெனச்சேன். காட்டினா அன்ஃபிட்னு தள்ளிடுவாங்க. நாலு வருஷம் நாயா அலைஞ்சு கெடச்ச வேலை. உனக்காகத்தான் செஞ்சேன்.”

“எனக்காகவா? நான் வேலைல சேர்ந்த ரெண்டாவது மாசம் யாருக்குக் கல்யாணம் நடந்துது?”

தங்கைக்கு ஒரு வேலை கிடைத்து, அம்மாவையும் வீட்டையும் அவள் தலையில் கட்டினால்தான் தான் புறப்பட முடியும் என்று அக்கா தன் கல்யாணத்துக்கு நாளை எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. மாப்பிள்ளையும் எத்தனை வருடம்தான் காத்திருப்பார்.

“சரி, அன்னிக்கு மறைச்சே. அப்புறம்? மூணு வருஷம் வாயில என்ன வெச்சிருந்தே?”

தங்கைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குது என்று இவளிடம்தானே சொன்னாள்? இவள்தானே இருமல் மருந்தை வாங்கிக் கொடுத்து, “உக்காந்துகிட்டே பாக்குற வேலை, உனக்கென்னடி களைப்பு? சரியான தூங்குமூஞ்சி,” என்று வீடு முழுக்கச் சிரிக்க வைத்தாள்? தானும் சேர்ந்து சிரித்தோமே என்று நினைத்தபோதுதான் தங்கைக்கு அழுகை வந்தது.

“அம்பது உயிரை ஏத்திக்கிட்டு ஓட்டுறேன். நடு ரோட்டுல எனக்கு ஏதாவது ஆகியிருந்தா?”

“நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே போயிடுச்சு. சொன்னா ரெண்டு பேர் வேலையும் போகும்.”

“என் படத்தை என்ன பண்ணினே? கிழிச்சுட்டியா?”

“இல்ல. என் லாக்கர்ல இருக்கு.”

கிழித்திருந்தால்கூடப் பயத்தில் செய்தாள் என்று மனசு ஆறியிருக்கும். தினமும் லாக்கரைத் திறந்து, அதன்மேல் கைப்பையை வைத்து, பூட்டிவிட்டு வேலை பார்த்திருக்கிறாளே, பாதகி!

லாக்கரிலிருந்து படம் வந்தது. டாக்டர் செருகினார். மேலே கோணல் எலும்பு, கீழே நிழல். அளவெடுத்தார். இன்றைய ஸ்கேனோடு ஒப்பிட்டு இன்னொரு தடவை அளவெடுத்தார்.

“கிட்டத்தட்ட அதே அளவும்மா! மூணு வருஷமா சும்மா உக்காந்திருக்கு. மூணு ஓட்டை போதும்,” என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, “இதை நான் மேல எழுதித்தான் ஆகணும்,” என்றார்.

அக்கா தலையாட்டினாள். வெளியே வந்ததும் தங்கையின் தோளைத் தொட்டு, “பாத்தியா, கடைசில நல்லதாப் போச்சு,” என்றாள். தங்கை அந்தக் கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

மூன்றாம் நாள் ஆபரேஷன் நடந்தது. கட்டி உடையாமல், ரத்தம் அதிகம் போகாமல் முழுதாக வந்துவிட்டது. கேசில்மேன்தான், புற்று இல்லை, வேறெங்கும் பரவவில்லை, இரண்டு மாதத்தில் பஸ் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை, நுரையீரல் சரியாக விரிந்திருக்கிறதா என்று பார்க்க, எக்ஸ்ரே மெஷினை வார்டுக்கே உருட்டிக்கொண்டு வந்தாள் அக்கா. விசாரணை ஆரம்பிக்கிறவரை டியூட்டி அவளுடையதுதான். தங்கையின் முதுகுக்குப் பின்னால் பலகையை வைத்து, விலாவிலிருந்து வரும் குழாயை நகர்த்திவிட்டு, பட்டனைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

“மூச்சை நல்லா இழு. அப்படியே புடி.”

மூன்று வருடத்துக்கு முன்பும் இதே வார்த்தைதான், இதே குரல்தான். தங்கை மூச்சை இழுக்கவில்லை.

“படத்துக்கு யாரு பேரு போட்டிருக்கே?”

“உன் பேருதான்டி. வேற யாரு பேரைப் போடுவேன்?” என்றாள் அக்கா.

தங்கை அவளைப் பார்க்கவில்லை. அடுத்த கட்டில் பக்கம் நின்ற நர்ஸைக் கூப்பிட்டாள். “சிஸ்டர், அந்த மெஷின்ல என்ன பேரு இருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

நர்ஸ் ஒன்றும் புரியாமல் அக்காவைப் பார்த்தாள், பிறகு குனிந்து திரையைப் படித்தாள். பேர், வயது, வார்டு நம்பர், எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“இன்னொரு தடவை படிங்க,” என்றாள் தங்கை.