ஃபேன் பக்கம்

மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைச் சலவை செய்து கொடுக்கிற இடம் எங்களுடையது. ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் கொடுத்தால், மறுபக்கம் காய்ந்து வரும். கொடுக்கிற பக்கம் அனல். வாங்கி மடிக்கிற பக்கம் ஃபேன். புதிதாக வருகிறவர்கள்தான் அனலில் நிற்க வேண்டும். இது முதலாளி போட்ட சட்டம் இல்லை, பழைய ஆட்கள் நாங்களே வைத்துக்கொண்டது.

இளசுகள் யாரும் நிலைப்பதில்லை என்று மேலாளருக்குக் கவலை. சட்டையில் குத்திக்கொள்ள நட்சத்திர பேட்ஜ் கொடுத்துப் பார்த்தார். பிறந்தநாளுக்கு கேக் வெட்டினார். கேக்கைத் தின்றுவிட்டு மறுவாரமே நின்றுபோனவர்கள் உண்டு.

குருவி மட்டும் தாக்குப்பிடித்தாள். துறுதுறுவென்று இருப்பாள், அதனால் அந்தப் பெயர். இப்போது அவளையும் வேறொரு இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மேலாளர் எங்கள் எல்லோர் முன்னாலும் அவளிடம் கேட்டார்.

"இங்கயே இருக்க உனக்கு என்னம்மா வேணும்?"

"நட்சத்திரம் மட்டும் வேணாம் சார். பாதி வானம் ஏற்கெனவே என் சட்டையிலதான் இருக்கு."

எல்லோரும் சிரித்தோம்.

"மத்தியானத்துக்கு மேல பக்கம் மாத்தி நிக்கணும் சார். அவ்வளவுதான். அக்கா சரின்னா இருக்கேன்."

அக்கா என்றது என்னை; அவள் கொடுக்கிற விரிப்பை மறுபக்கம் மடிப்பவள் நான். முந்தின நாள் சாப்பிடும்போது இதையே என்னிடம் சொன்னாள். "கேளுடி, நான் இருக்கேன்ல" என்று தைரியம் கொடுத்தவளே நான்தான்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் மூத்தவங்க. என்ன சொல்றீங்க?"

மத்தியானத்துக்கு மேல்தான் அந்த உருளை ஆளை உரிக்கும். என் முழங்கால் வலியை நினைத்துக்கொண்டேன்.

"நாங்கல்லாம் நிக்கலையா சார்? எங்களுக்கு யாரு மாத்தி நின்னாங்க?"

பழைய ஆட்கள் தலையாட்டினார்கள். குருவி என்னை முறைக்கவில்லை. முறைத்திருந்தால் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

"சரிக்கா" என்றாள். பிறகு மேலாளரிடம், "இன்னையோட நின்னுக்கறேன் சார்."

தள்ளுவண்டியில் விரிப்புகள் பாதிக்கு மேல் கிடந்தன. அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. தானாகவே அனல் பக்கம் போய் நின்றாள். இன்றைக்காவது இந்தப் பக்கம் வாடி என்று சொல்ல வாயெடுத்தேன். முதுகில் ஃபேன் காற்று பட்டுக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு விரிப்புகூடக் கோணலாக வரவில்லை. குனிந்த தலை நிமிராமல் மடித்துக்கொண்டே இருந்தேன். வண்டி காலியானதும் வாசல் பக்கமிருந்து, "வரேன்க்கா" என்று குரல் கேட்டது.

மடித்து முடித்த விரிப்பை விரித்து, மறுபடி மடித்தேன்.