ஆறு படத்தில் ஒரு சிறுத்தை

சுலக்ஷனாவுக்குக் கிடைத்த சோதனை வேலை இதுதான்: ஒரு பெண், சிறுத்தையாக மாறுவதை வரைய வேண்டும், ஆறே படங்களில். கணினித் திரையில் அகலம் முப்பத்திரண்டு புள்ளி, உயரமும் அவ்வளவுதான். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் எல்லாம் நடந்து முடிய வேண்டும். வெளிநாட்டில் வீடியோ கேம் செய்யும் சிறு கம்பனி ஒன்று, இணையத்தில் அவளுடைய படங்களைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தது. பிடித்தால் தொடர்ந்து வேலை தருவார்களாம்.

ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்கள் வசிக்கும் லயத்து வரிசை வீட்டில், அக்கா பூரணியோடு இருந்தாள் அவள். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு கொழுந்தெடுத்து அவளை ஏ.எல். வகுப்பு வரை படிக்க வைத்தவள் பூரணிதான்.

முதல் நான்கு நாளும் ஒன்றும் சரியாக வரவில்லை. முகம் கொஞ்சம் நீள, கை கொஞ்சம் காலாக, படிப்படியாக வரைந்தாள். படங்களை அடுத்தடுத்து ஓடவிட்டால் மெழுகு உருகுவது போலிருந்தது. ஆறு படத்தில் படிப்படியாக மாற இடம் ஏது?

ஞாயிற்றுக்கிழமை பூரணியை நான்கு காலில் நிற்கச் சொன்னாள். பக்கத்து வீட்டார் பார்த்துவிடுவார்களென்று பூரணி கதவைச் சாத்திவிட்டு, சிரித்துக்கொண்டே குனிந்தாள். முழங்கால் வலியால் மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. இறங்குமுன் உடம்பு ஒரு கணம் மேலே எழும்பியது. பிறகு முதுகு வளைந்தது. தலை கடைசியாகத்தான் வந்தது. சுலக்ஷனா மறுபடி மறுபடி செய்யச் சொன்னாள்.

அன்றைக்கே வேலை முடிந்தது. முதல் படத்தில் பெண் குதிகாலை உயர்த்துகிறாள். இரண்டாவதில் முதுகு வளைகிறது. அந்தப் படம் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். மூன்றாவதில் கண்ணில்லை, முடியில்லை, பெண்ணுமில்லாத மிருகமுமில்லாத ஒரு வெள்ளை உரு மட்டும். அது கண் சிமிட்டும் நேரம்தான். நான்காவதில் சிறுத்தை தன் உடம்பைவிட நீளமாகப் பாய்கிறது. ஐந்தாவதில் சுருங்குகிறது. ஆறாவதில் நிற்கிறது, வால் தாழ்ந்து. மாறும் இடத்தை அவள் வரையவே இல்லை. ஆனாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிந்தது.

பூரணி இருபது தடவையாவது பார்த்திருப்பாள். "பயமா இருக்கு புள்ள," என்றாள். "ஆனா நல்லாருக்கு."

சிக்னல் கிடைக்கும் கோயில் மேட்டுக்கு ஏறிப்போய் அனுப்பினாள். நன்றாக இருப்பதாகப் பதில் வந்தது. மூன்று வாரம் கழித்து, அந்த கேமையே நிறுத்திவிட்டோம் என்று இன்னொரு பதில். அவள் நம்பினாள். வேறு ஒன்பது கம்பனிகளுக்கு எழுதினாள். இரண்டு மட்டும் பதில் போட்டன: இப்போது இப்படியான படங்களை மெஷினே செய்துவிடுகிறதாம்.

எட்டு மாதம் போனது. ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருந்த துஷாந்த், அவளோடு படித்தவன், புதிதாக வந்த ஒரு கேமைக் காட்டினான். அதில் அவளுடைய சிறுத்தை ஓடியது. பெண்ணின் பச்சை உடுப்பைச் சிவப்பாக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். வெள்ளை உருவின் காதுப் பக்கம் அவள் தவறுதலாக விட்ட ஒரு புள்ளிகூட அப்படியே இருந்தது.

கேமைச் செய்திருந்தது அதே கம்பனிதான். அவர்களுக்கு எழுதினாள். அது தங்கள் ஓவியர் வரைந்தது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு எழுதியவையெல்லாம் திரும்பி வந்துவிட்டன. துஷாந்த் சொன்னபடி, தான் அனுப்பிய மின்னஞ்சலைத் தேதியோடு இணையத்தில் போட்டாள். பதினொரு பேர் பார்த்தார்கள். ஒருவர் வருத்தம் தெரிவித்தார்.

"போலீஸ்ல சொல்ல முடியாதா?" என்று பூரணி கேட்டாள்.

"எந்த ஊரு போலீஸ்ல அக்கா?"



மழைக்காலம் தொடங்கியபோது பூரணியின் முழங்கால் வீங்கிவிட்டது. இனி மலை ஏறக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் அந்த வீடு அவர்களுக்கு. சுலக்ஷனா கொழுந்தெடுக்கப் பெயர் பதிந்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும், பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன், பூரணி அவள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டாள். "ரெண்டு மாசந்தான். கால் சரியானதும் நான் போறேன்," என்றாள். அந்தக் கால் சரியாகாது என்று டாக்டர் சொன்னபோது இருவரும்தான் பக்கத்தில் இருந்தார்கள். "சரிக்கா," என்றாள் சுலக்ஷனா.

சாயங்காலம் திரும்பியபோது விரல்நுனிகள் கறுத்திருந்தன. எவ்வளவு தேய்த்தும் கொழுந்துக் கறை போகவில்லை. லெப்டொப்பைத் திறந்தாள். வெற்றுச் சதுரம் வந்தது. என்ன வரைவதென்று தோன்றவில்லை. கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு மூடினாள். பிறகு தைலப் போத்தலை எடுத்துக்கொண்டு அக்காவின் காலடியில் போய் உட்கார்ந்தாள்.