அடுப்புப் பொந்தில் ஒரு போத்தல்

அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவர்ப் பொந்துக்குள் தயானி கையை விட்டாள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. கல் சில்லிட்டிருந்தது. வாசலில் தப்பு மேளச் சத்தம் லயத்து வீட்டு வரிசையையே அதிர வைத்தது.

பழைய தைலப் போத்தல் விரலில் தட்டுப்பட்டது. உள்ளங்கையில் கவிழ்த்தாள். அவளுக்கும் அண்ணன் நிஷாந்துக்கும் தந்த வலிப்பு மாத்திரைகள், ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, புகை நாற்றத்தோடு விழுந்தன.

பதுளை கிளினிக்கில் மருந்து தரும் மிஸ்ஸி ஒவ்வொரு தடவையும் சொல்வார். "அட்டையிலயே இருக்கட்டும், குடிக்கிற நேரத்துல மட்டும் பிரிங்க. ஈரமும் சூடும் ஆகாது. ஒரு வேளையும் விடாதீங்க."

அம்மா கருப்பம்மா வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் பிரித்துப் போத்தலில் போடுவாள். அட்டைகளை அடுப்பில் எரித்துவிடுவாள். லயத்தில் எவர் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது. மடுல்சீமைப் பனியும் சோற்றுப் பானை ஆவியும் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டன.

நேற்றுக் காலை, மலைத் தண்ணீர் விழும் பீலியில் குளிக்கும்போது நிஷாந்துக்கு வலிப்பு வந்தது. தேங்கிய தண்ணீரில் குப்புற விழுந்தவனைத் தூக்க ஆள் இல்லை.

"அத ஏன்டி இப்ப எடுத்த?" கருப்பம்மா பின்னால் வந்து நின்றாள். "உள்ள வை. முன்னுக்கு நல்லம்மா உக்காந்திருக்கா."

நல்லம்மா பசறைக்காரி. தயானியைத் தன் மகனுக்குக் கேட்டிருப்பவள்.

"இதத்தான் அண்ணன் முழுங்குச்சு. நானுந்தான்."

"மெதுவாப் பேசு. வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லி வச்சிருக்கேன்."

தயானி துணிப்பெட்டியைத் திறந்தாள். போன கிழமை கிளினிக்கில் கொடுத்த அட்டை அடியில் கிடந்தது. பழசு முடியட்டும் என்று அம்மா பிரிக்காமல் விட்டது. காலை மாத்திரைக்கு நேரமாகியிருந்தது.

"பொணம் கெடக்கயில வாயில ஒண்ணும் வைக்கக் கூடாதுடி. எடுத்த பெறகு குடிச்சிக்கலாம்."

"அண்ணன எடுத்துட்டு, அடுத்தது என்னைய எடுப்பீங்களா?"

ஒரு குவளைத் தண்ணீரோடு முன் அறையான காம்பராவுக்குப் போய், அண்ணனின் தலைமாட்டில் நின்றாள். தப்படிப்பவர்கள் தேத்தண்ணிக்காக நிறுத்தியிருந்தார்கள். அட்டை பிரியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"என்ன மாத்திரம்மா அது? தலவலியா?" என்றாள் நல்லம்மா.

"வலிப்பு மாத்திரை, அத்த. அண்ணனுக்கும் எனக்கும் ஒரே வலிப்பு வருத்தம். அது வழுக்கி விழல."

மூலையிலிருந்து கந்தப்பன் மாமா செருமினார். "பொணத்துக்கு முன்னுக்கே திங்கிறா பாரு. அடக்க ஒடுக்கமில்லாத புள்ள."

"அடக்க ஒடுக்கமா மறைச்சு வச்ச அண்ணன் இந்தா படுத்திருக்கு, மாமா."

மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீரை முழுவதும் குடித்தாள். நல்லம்மா குடையைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"முன்னமே சொல்லியிருக்கலாம், கருப்பம்மா."

கருப்பம்மா தலை நிமிரவில்லை. தயானி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

மத்தியானம் ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் இறங்கினார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவர்களும் போன பிறகு, வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படும் உயரத் தட்டின் முன்னால் கருப்பம்மா நின்றாள். நிஷாந்த் கிரிக்கெட்டில் வாங்கிய கிண்ணம் அங்கே இருந்தது. அதை ஓரமாக நகர்த்தி, முந்தானையால் பலகையைத் துடைத்தாள்.

"அந்த அட்டை எங்கடி?"

தயானி நீட்டினாள்.

கருப்பம்மா உடனே வைக்கவில்லை. எங்காவது ஈரம் இருக்கிறதா என்று, பலகையை இன்னொரு முறை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.