கணவாய்க்குக் கொண்டுபோன காற்று

முதல் சத்தம் கேட்டதும் டயர் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மாப்பிள்ளை வேனைப் பாறைச்சுவரை ஒட்டி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, ஒவ்வொரு டயரையும் உதைத்துப் பார்த்தான். எல்லாம் திடமாக இருந்தன. ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறை. மறு பக்கம், சாலை முடிந்த இடத்திலேயே ஆகாயம் தொடங்கியது. மரம் என்று ஒன்றைப் பார்த்து வெகு நேரமாகியிருந்தது. முதலாளி கீழே இறங்கவில்லை. இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு கோட்டு, தலையைச் சுற்றித் துண்டு என்று பார்சல் கட்டியதுபோல முன்சீட்டில் உட்கார்ந்து தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டயரா மாப்ள?"

"டயர் நல்லாத்தான் இருக்கு மச்சான்."

"அப்ப வெடிச்சது என்ன, என் காதா?"

முதலாளி என்றால் சிப்ஸ் கம்பெனி முதலாளி. கம்பெனி என்றால் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கூடம், இரண்டு பெரிய எண்ணெய்ச் சட்டிகள், பாக்கெட் போடும் மெஷின் ஒன்று. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அவருடைய முகம் இருக்கும். விளம்பரத்துக்கு நடிகரை வைக்க வசதி இல்லாத காலத்தில் அவரே சிரித்து எடுத்துக்கொண்ட படம். 'காத்தை வித்தே மாடி கட்டினவர்' என்று தெருவில் அவரைப் பற்றிப் பேச்சு உண்டு. அது பொறாமையில் சொல்வது என்பார். பாக்கெட்டில் முக்கால்வாசி காற்று என்பதை மறுக்க மாட்டார்.

மாப்பிள்ளை அவருடைய தங்கையின் கணவன். முதலில் மீன்தொட்டிக் கடை வைத்தான். மின்சாரம் ஒழுங்காக வராத ஒரு கோடையில் மீன்கள் எல்லாம் மல்லாந்தன. பிறகு நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. நீதிமன்றமே ஊருக்கு வெளியே இடம் மாறிப் போனது. கடைசியில் மச்சானின் கம்பெனிக்கு வந்து மெஷின் முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். நாள் முழுக்க மச்சானின் முகம் மெஷினிலிருந்து ஓயாமல் இறங்கி வந்துகொண்டிருக்கும். வீட்டுக்குப் போனால் அதே மூக்கு மனைவியின் முகத்தில் இருக்கும். இந்த நிலையில்தான் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு கடைக்காரம்மா ஒரு லோடு கேட்டிருந்தாள். சரக்கு அவளுக்குப் பிடித்துவிட்டால் மலைப் பக்கம் முழுக்க மாப்பிள்ளையின் பொறுப்பு, வேனும் அவனிடமே என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். பிடிக்காவிட்டால் மறுபடி ஸ்டூல். வாக்குக் கொடுத்தவர், நேரில் பார்க்க வேண்டும் என்று வண்டியிலும் ஏறிக்கொண்டார்.

வண்டியை மறுபடி கிளப்பி ஒரு வளைவு திரும்பியதும் இரண்டாவது சத்தம். அது அடங்குவதற்குள் மூன்றாவது. முதலாளி தலையைக் குனிந்து டேஷ்போர்டுக்குக் கீழே போய்விட்டார்.

"சுடுறாங்க மாப்ள! குனியுங்க!"

"குனிஞ்சா யாரு மச்சான் ஓட்டுறது?"

எதிரே இறங்கி வந்த லாரி அருகில் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "என்ன அண்ணே, பட்டாசு லோடா?" என்றான். பின்னாலிருந்து இன்னொரு சத்தம் பதில் சொன்னது. "ஆமா, கல்யாணத்துக்கு" என்றான் மாப்பிள்ளை. லாரிக்காரன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

பின்கதவைத் திறந்தபோது அட்டைப்பெட்டி ஒன்று தானாகவே வாய் பிளந்தது. உள்ளே பாக்கெட்டுகள் தலையணைகளைப் போல உப்பி நின்றன. ஒட்டிய டேப்புகள் எல்லாம் நரம்பாய் முறுக்கேறியிருந்தன. எங்கும் முதலாளியின் முகம். கன்னங்கள் பெருத்து, மூக்கு விரிந்து, கண்கள் இரண்டு பக்கமும் இழுபட்டு, பல்வலியோடு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவரைப் போல அத்தனை முகங்களும் சிரித்துக்கொண்டிருந்தன. முதலாளி வெகு நேரம் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, எல்லாம் மாசமா இருக்கே."

"மேல வர வர வெளிக்காத்து கம்மியாகுது மச்சான். உள்ள இருக்கறது விரியுது."

"அது தெரியுது. நம்ம சரக்கு எப்பவும் இவ்வளவு குண்டா இருக்காதே. மெஷின்ல காத்து அளவு வைக்கிற திருகை யார் தொட்டது?"

மாப்பிள்ளை கணவாய் இருக்கும் திசையைப் பார்த்தான். சாலை இன்னும் மேலே ஏறி ஒரு வெள்ளை மேகத்துக்குள் மறைந்தது. பொய் சொல்லலாம். மெஷின் பழசு என்றால் நம்பக்கூடியவர்தான். ஆனால் அவன் மனைவி பாக்கெட் போட்ட அன்றைக்கே, "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் திருகுங்க" என்று சொல்லியிருந்தாள். அவள் வாயில் எதுவும் நிற்காது.

"நான்தான். ரோடு மோசம்னு சொன்னாங்க. குலுங்கிக் குலுங்கி நொறுங்கிடக் கூடாதேன்னு மெத்தை மாதிரி கொஞ்சம் கூட்டி வச்சேன்."

முதலாளிக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படும் அளவுக்கு மூச்சு இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நின்று நிதானித்துத்தான் திட்ட முடிந்தது. தங்கை புருஷன் என்பதால் மரியாதையையும் விட முடியவில்லை.

"மாப்ள... நீங்க ஒரு... நீங்க ஒரு பெரிய... மெஷினைத் திருகினதுக்கு உங்க தலையைத் திருகிப் பாத்திருக்கலாம். அங்கயும் அதுதான் அடைச்சிருக்கு."

"பின் இருக்கா மச்சான்?"

"என்ன?"

"குத்திக் காத்தை எறக்கிடலாம். இல்லைன்னா கணவாய் தாண்டறதுக்குள்ள எல்லாம் வெடிச்சு, அந்தம்மாகிட்ட வெறும் தூளைத்தான் குடுப்போம்."

ஓட்டை போட்ட பாக்கெட் நமத்துப்போகும் என்றார் முதலாளி. வெடித்த பாக்கெட் அதைவிடச் சீக்கிரம் நமத்துப்போகும் என்றான் மாப்பிள்ளை. இன்னொரு பெட்டிக்குள் ஒன்று வெடித்து விவாதத்தை முடித்துவைத்தது. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு ஊக்கு. அது முதலாளியின் கால்சட்டையில், பித்தான் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஆளில்லாத மலையை நான்கு பக்கமும் பார்த்துவிட்டு அவர் அதைக் கழற்றிக் கொடுத்தார்.

"கண்ணுல குத்தாதீங்க. மூக்குலயும் வேண்டாம். காதுப் பக்கமாப் போடுங்க."

மாப்பிள்ளை காதில் குத்தினான். முதலாளி ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தன் கன்னத்தை மெதுவாக அமுக்கினார். புஸ்ஸென்று காற்று அவர் முகத்தில் அடித்தது. தகரக் கூடத்தின் காற்று. எண்ணெயும் மிளகாய்ப் பொடியும் நனைந்த சாக்கும் கலந்த வெதுவெதுப்பான வாடை. அவர் அப்படியே அசையாமல் நின்றார். பிறகு அடுத்ததை எடுத்து நீட்டி, ஊக்கு இறங்கும்போதே மூக்கை அருகில் கொண்டுபோனார்.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"சும்மா இருங்க. இது நம்ம ஊர்க் காத்து. இதுல சத்து இருக்கு."

ஒரு பெட்டி முடிந்தபோது அவர் தலைத்துண்டை அவிழ்த்திருந்தார். இரண்டாவது பெட்டியில் கன்னத்தில் நிறம் வந்தது. தெரு முழுக்கத் தன்னை எதற்குக் கேலி பேசியதோ அதையே ஒருவர் சொட்டு விடாமல் இழுத்துக்கொண்டிருப்பதை மாப்பிள்ளை பார்த்தான்; சிரித்தால் ஸ்டூல் நிச்சயம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டான். அவனுக்கும் தலை வலித்தது. முதலாளி கவனித்திருக்க வேண்டும். "இந்தாங்க, நீங்களும் ஒண்ணு பிடிங்க" என்று பெரிய மனதோடு ஒரு பாக்கெட்டை நீட்டினார். இருவரும் பாறையோரம் குத்துக்காலிட்டு, ஆளுக்கொரு முகத்தை மூக்கில் வைத்து உறிஞ்சினார்கள். மேலே ஒரு பெரிய பறவை வட்டமடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் போனது.

கணவாயைச் சத்தமில்லாமல் கடந்தார்கள். இறங்கும்போது முதலாளி தூங்கிவிட்டார். பழைய திட்டுக்கு மிச்சம் இருக்கிறதா, அல்லது காற்றோடு போயிற்றா என்பது மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

கடைக்காரம்மாவின் கடை சாலையைவிடத் தாழ்வாக, கூரை தலையில் இடிக்கும்படி இருந்தது. சோப்பு, மெழுகுவத்தி, கம்பளிக் கையுறை, மண்ணெண்ணெய் டின் எல்லாம் ஒரே அலமாரியில். பாக்கெட்டுகளை மேசையில் பரப்பியபோதுதான் மாப்பிள்ளை அவற்றை வெளிச்சத்தில் பார்த்தான். காற்று இறங்கிய முகங்கள் சுருங்கி, கன்னம் ஒட்டி, நெற்றியில் வரி வரியாக மடிந்து கிடந்தன. கடைக்காரம்மா ஒன்றைக் கையில் எடுத்தாள். படத்தைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள்.

"இது உங்க அப்பாங்களா?"

முதலாளி வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார். "அவர் ஆரம்பிச்ச கம்பெனி."

"முகத்துல அப்படியே அனுபவம் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே அவள் பாக்கெட்டைக் கிழித்து ஒன்றை வாயில் போட்டாள். அவள் தாடை ஒரு முறை அசைந்தது. நொறுங்கியதா, வெறுமனே மடங்கியதா என்று இருவருக்கும் கேட்கவில்லை. மலை இறங்கியதிலிருந்து காது இரண்டும் பாதி அடைத்திருந்தன. அவள் மென்றுகொண்டே ஏதோ சொன்னாள். "என்னம்மா?" என்றார் முதலாளி. அவள் திருப்பிச் சொல்லவில்லை. இன்னொன்றை வாயில் போட்டுக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினாள். விரல்களில் எண்ணெய் இருந்ததால், நடுத் தட்டில் அடுக்கியிருந்த சோப்புகளை முழங்கையால் ஓரமாகத் தள்ளத் தொடங்கினாள். ஒரு சாண் இடம் விழுந்தது. முழங்கை நிற்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சோப்புகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகர்வதைப் பார்த்தபடி நின்றார்கள்.