உறைக்குள் இருந்த எண்

பதினொரு மணிக்கு உறையைப் பிரிப்பார்கள். காலையிலிருந்தே அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு கறாரான வழக்கம். வானத்திலிருந்து பதிவான வானொலி அலைகளுக்குள் ஒருவர் மட்டும் ரகசியமாக ஒரு பொய்த் தடத்தைக் கலக்கலாம், கலக்காமலும் விடலாம். செய்ததை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஆராய்கிறவர்கள் ஆசைப்பட்டு எதையாவது கண்டுவிடக் கூடாதே! இந்த முறை ஒட்டியவன் அவள் கணவன், ஆன்டெனாப் பொறியாளன். பட்டப்பெயர் வாயில்லாப்பூச்சி. ரகசியத்துக்கு அவனைவிட நல்ல பூட்டு கிடையாது.

மூன்று வருடம் தேடி அவள் கண்டது எழுபத்தொரு மெகாஹெர்ட்ஸில் அலையின் வலிமை சட்டென்று இறங்கும் ஒரு பள்ளம். முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கியபோது சுற்றியிருந்த வாயு, வானொலி அலைகளை விழுங்கிய தடம். ஆனால் ஆழம் கோட்பாடு சொன்னதைவிட இரு மடங்கு. வாயு அவ்வளவு குளிர்ந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள்தான் அதன் சூட்டை உறிஞ்சியிருக்க வேண்டும். கரும்பொருளின் மேல் கைவைத்த முதல் ஆள் அவளாகிவிடுவாள்.

உறையில் வெற்றுத்தாள் இருந்தால் பள்ளம் நிஜம். எழுபத்தொன்று என்றிருந்தால் அது கணவன் வெட்டிய பள்ளம். பள்ளத்தைக் கண்டதாக அவள் சொன்ன நாளிலிருந்து, எட்டு மாதமாக, அவன் சண்டைக்கு இழுத்தாலும் வருவதில்லை. அவள் துணியைக்கூட மடித்துவைக்கிறான். அந்தக் கரிசனம் பரிதாபமோ என்றுதான் அவள் பயந்தாள்.

"ஏங்க, தலையையாவது ஆட்டுங்களேன்," என்று படிக்கட்டில் கெஞ்சினாள்.

"சாப்பிட்டியா?" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

குழுத் தலைவி கத்தரியால் உறையை நறுக்கினார். தாளைப் படித்தார். திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி படித்தார்.

"தொண்ணூத்தி மூணு."

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. எழுபத்தொன்று இல்லை! அப்புறம்தான் உறைத்தது. தொண்ணூற்று மூன்றில் அவன் அதே அளவு பள்ளம் வைத்திருக்கிறான். அவள் கணக்கு அதைப் பார்க்கவே இல்லை.

"வச்சதைக் காணோம், வைக்காதது கிடைச்சிருக்கு," என்றார் தலைவி மெதுவாக. "கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதைதான். இனி உன் கணக்கு எதைச் சொன்னாலும் எப்படிம்மா நம்புறது?"

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். சாப்பாட்டு மேஜையில் அவள் எழுபத்தொன்று, எழுபத்தொன்று என்று பூரித்தபோதெல்லாம் எதிரே உட்கார்ந்து கேட்டவன்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

எட்டு மாதத்தில் முதன்முறையாக அவள் கண்ணைப் பார்த்தான்.

"நீ சொன்ன அன்னைக்கே."