கழுத்துக்குள் போன கண்டக்டர்

என் கழுத்துக்குள் இருக்கும் சந்து குறுகிவிட்டது. அதனால் கை கால்களுக்குச் சேதி தாமதமாகப் போகிறது. காலையில் சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னால், மதியம் சாப்பிடும்போது விரல்கள் பொத்தானைத் தேடுகின்றன.

நான் மதுரையில் டவுன் பஸ் ஓட்டுகிறேன்.

அன்று பாலத்து இறக்கத்தில் பிரேக்கை அழுத்தும்படி காலுக்குச் சொல்லி அனுப்பினேன். கால் அசையவில்லை. கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

“ஹோல்டான்!” என்றார் கண்டக்டர் சிக்கந்தர்.

“சொல்லிட்டேன். இன்னும் போய்ச் சேரலை.”

“எங்க நிக்குது?”

“கழுத்துல.”

சிக்கந்தர் பையைக் கழற்றி முன் சீட்டில் வைத்தார். என் காலரை விலக்கிப் பிடரி வழியாக உள்ளே இறங்கினார். முதுகில் மின்சாரம் ஓடியது.

உள்ளே அவர் யாருடனோ சண்டை போடுவது கேட்டது.

“பாதையை மறிச்சு எலும்பை நீட்டிக் கட்டியிருக்கீங்களே, நியாயமா?”

“வயசானா கட்டத்தான் செய்வோம்,” என்றது ஒரு குரல்.

அவர் பக்கவாட்டில் திரும்பி நுழைந்திருக்க வேண்டும். இடது தோள் மரத்துப்போனது. பிறகு கால் பிரேக்கை அழுத்தியது. பஸ் ஒரு சிறுமியின் பின்னலை உரசி நின்றது. அவள் பின்னலைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

“வெளிய வாங்க,” என்றேன்.

“மாட்டிக்கிட்டேன்ணே. தலையைக் குனிஞ்சுறாதீங்க. ரெண்டு பக்கமும் நெருக்குது.”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். தன்னை டாக்டர் அமுதவல்லி என்றார். ஒரு விரலால் என் கழுத்தைத் தட்டிப் பார்த்தார்.

“இடிக்கணும்.”

“இடிச்சா பழையபடி ஆகுமா?”

“மேல நெருக்காம பாத்துக்கலாம். போனது திரும்பி வருமான்னு சொல்ல முடியாது.”

“இடிக்காம விட்டா?”

“நீங்களும் நடக்க மாட்டீங்க. அவரும் வர மாட்டார்.”

உள்ளே சிக்கந்தர் இருமினார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“இடிங்க,” என்றேன்.

பயணிகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டாக்டர் பின்னாலிருந்து வெட்டினார். எலும்பு உதிரும் சத்தம் காதுக்குள் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் தோளுக்கு மேலே சிக்கந்தரின் கை நீண்டது.

அதைப் பிடிக்கச் சொல்லி என் கைக்கு ஆள் அனுப்பினேன். கை மடியிலேயே கிடந்தது.

“அவசரப்படுத்தாதீங்க,” என்றார் டாக்டர்.

சிக்கந்தர் விரல்களை விரித்துக் காத்திருந்தார்.